வேகச் சோதனையில் 200, வீடியோ அழைப்பில் தடங்கல்: ஒரு வீட்டு இணைய இணைப்பின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

நகரத்துக்குள் ஒரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. அதில் ஏழாவது மாடி வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள். மனைவி வாய்மொழி மொழிபெயர்ப்பாளர். வீடியோ அழைப்பில் இரண்டு தரப்பினர் பேச, ஒருவர் சொல்வதைக் கேட்டு அந்த நிமிடமே மற்றவர் மொழியில் சொல்வது அவர் வேலை. கணவர் வீடியோ எடிட்டர். படம்பிடித்த கோப்புகளை நாள்தோறும் கிளவுடில் ஏற்றுகிறார். பள்ளி இறுதி வகுப்பு படிக்கும் மகன் ஆன்லைன் கேம் ஆடுவான். கணவரின் தாயார் இரவில் டிவியில் ஸ்ட்ரீமிங் பார்ப்பார்.

வீட்டில் இருந்தது கேபிள் டிவி வயர் வழியாக வரும் இணைப்பு. பிளான் 200 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 200 மெகாபிட். அது டவுன்லோடு மட்டும். அப்லோடு 10 என்பது ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. நான் காட்டும்வரை வீட்டில் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

குறை இதுதான்: மாலை ஏழரைக்கு மேல் அழைப்புகள் முறிந்தன. படம் உறையும், குரல் தகரத்தில் பேசுவதுபோல் ஒலிக்கும், சில சமயம் மூன்று விநாடிப் பேச்சு ஒரே மூச்சில் வந்து விழும். சாதாரண அழைப்பில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியம் போனால் போனதுதான். இரண்டு வாடிக்கையாளர்கள் அடுத்த முறை வேறொருவரை வைத்துக்கொண்டார்கள்.

சேவை நிறுவனத்தை அழைத்தபோது, "500 பிளானுக்கு மாறுங்க, சரியாயிடும்" என்றார்கள். கணவருக்கு அதில் நம்பிக்கை இல்லை; நிறுவனத்தையே மாற்றிவிடலாம் என்றார். இரண்டில் எது என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் பராமரிக்கிறவன், அவர்களுக்குப் பல வருடப் பழக்கம். இதை எழுத அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

## முதல் நாள்: கையில் இருந்த எண்கள்

ஒரு சனிக்கிழமை காலை போனேன். கணவர் தன் போனில் ஸ்பீட்டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட்களைச் சேர்த்து வைத்திருந்தார்: 31, 44, 22. மூன்றும் படுக்கையறையில், வைஃபையில் எடுத்தவை. "200-க்குக் காசு வாங்கிட்டு 31 குடுக்கறாங்க" என்பது அவர் வாதம். இதே படங்களை நிறுவனத்துக்கும் அனுப்பியிருந்தார். வயரில் சோதித்து அனுப்பச் சொல்லிப் பதில் வந்திருந்தது. அவருக்கு அது தட்டிக்கழிப்பாகத் தோன்றியது. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் நிறுவனம் கேட்டது நியாயம். படுக்கையறைப் போனில் வரும் எண், வெளியே இருந்து வரும் இணைப்பையும் வீட்டு வைஃபையையும் போனின் திறனையும் ஒன்றாகக் கலந்து சொல்கிறது. மூன்றில் எது இழுக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மகன் இன்னொரு துப்புக் கொடுத்தான். "அங்கிள், கேம் டவுன்லோடு பண்ணா 11-க்கு மேல போகவே மாட்டேங்குது." அவன் கணினி சுவருக்குள் ஓடும் லேன் கேபிளில் இருந்தது. கேம் டவுன்லோடர் காட்டுவது விநாடிக்கு இத்தனை மெகாபைட். பிளானில் எழுதியிருப்பது மெகாபிட். ஒரு பைட் 8 பிட். 200 எம்பிபிஎஸ் முழுதாக வந்தால் திரையில் 25 தெரிய வேண்டும். 11 என்றால் 90-ஐ ஒட்டி, 100-க்குக் கீழே.

ரூட்டரில் என் லேப்டாப்பை நேரடியாக வயரில் மாட்டினேன். 94. மறுபடி 94. ஃபாஸ்ட்.காம் தளத்திலும் ஏறக்குறைய அதே.

இரண்டு வெவ்வேறு கணினிகள், இரண்டு வெவ்வேறு சோதனைகள், ஒரே விடை. நிறுவனம் பாதி வேகம்தான் தருகிறது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். கணவர் முகத்தில் வெற்றி தெரிந்தது.

## இரண்டாம் நாள்: என் தவறு

வீட்டுக்கு வந்து, 300 எம்பிபிஎஸ் வரும் என் சொந்த இணைப்பில் அதே லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். 94.

என் லேப்டாப்பில் லேன் துளை கிடையாது. யுஎஸ்பி அடாப்டர் வழியாக மாட்டுவேன். அது பழைய அடாப்டர், 100 எம்பிபிஎஸ் வரைதான் போகும். லேன் கேபிளில் ஓடும் ஈத்தர்நெட் 100 எம்பிபிஎஸ் என்றால், முகவரி போன்ற தலைப்புத் தகவல்கள் போக மிஞ்சுவது 94, 95. அலைபாயாமல் 94-இலேயே நிற்கும் எண்ணைக் கண்டதும் இது வெளி இணைப்பின் எல்லையல்ல, நடுவில் ஏதோ ஒரு 100 எம்பிபிஎஸ் கண்ணி என்று தோன்றியிருக்க வேண்டும். அலுவலகத்தில் மற்றவர்களுக்கு இதைச் சொல்லித் தருகிறவன் நான்.

அப்படியானால் மகனின் கணினி? அதில் இருந்தது 1000 எம்பிபிஎஸ் வரை போகும் கிகாபிட் போர்ட்தான். மறுநாள் சுவர் சாக்கெட்டைக் கழற்றினோம். கேபிளில் எட்டுக் கம்பிகள். சாக்கெட்டில் நான்கை மட்டும் மாட்டியிருந்தார்கள். மீதி நான்கை முன்பு யாரோ தொலைபேசிக்குப் பயன்படுத்தி, பிறகு வெட்டி விட்டிருந்தார்கள். 100 எம்பிபிஎஸ் ஈத்தர்நெட்டுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். கம்பி குறைந்தால் இணைப்பு அறுந்துபோவதில்லை. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்கிறது. அதனால்தான் பல வருடம் யாரும் கவனிக்கவில்லை. ஆக, ஒரே எண்ணைக் காட்டிய இரண்டு சாட்சிகளுக்கும் தனித்தனிக் காரணம்.

கிகாபிட் அடாப்டரை வைத்து ரூட்டரில் மறுபடி சோதித்தோம். டவுன்லோடு 212, அப்லோடு 10.6. சொன்னதற்கு மேலேயே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கணவரிடம் முந்தின நாள் சொன்னதை வாபஸ் வாங்கினேன். அவர் உடனே கேட்ட கேள்விதான் இந்த ஆய்வின் மையம்: "வேகம் சரியா இருக்குன்னா, ராத்திரி ஏன் உடையுது?"

## ஒரு வாரப் பதிவு

காலை பதினொன்றுக்குச் சோதித்துவிட்டு மாலைக் குறையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. கையடக்கக் கணினி ஒன்றை, ராஸ்பெர்ரி பை, ரூட்டரில் வயரால் இணைத்து வைத்தேன். விநாடிக்கு ஒருமுறை மூன்று இடங்களுக்குப் பிங் என்ற சிறு சோதனைச் செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிவிநாடி ஆகிறது, எத்தனை தொலைகிறது என்று எழுதிவைப்பது அதன் வேலை. ஒன்று வீட்டு ரூட்டர். இரண்டாவது, நிறுவனத்தின் பக்கத்தில் உள்ள முதல் கருவி. செய்தி போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையை ஓட்டினால் வீட்டைத் தாண்டி முதலில் வரும் முகவரி பெரும்பாலும் அதுதான். மூன்றாவது, வெளியே உள்ள ஒரு பொது டிஎன்எஸ் சர்வர், தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தருவது.

மூன்று இடம் வைப்பதற்குக் காரணம் உண்டு. மூன்றாவது மட்டும் தாமதித்தால் பழுது வெளி உலகில். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து தாமதித்தால் வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் நடுவில். முதலாவதே தாமதித்தால் வெளியே தேடவே வேண்டாம்.

கூடவே அரை மணிக்கு ஒரு வேகச் சோதனையும் ஓடும்படி வைத்தேன். அதை இரண்டு நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. 200 எம்பிபிஎஸ்ஸில் 10 விநாடி டவுன்லோடு சோதித்தால் 250 மெகாபைட் செலவாகும். ஒரு நாளைக்கு 48 முறை என்றால் 12 கிகாபைட். அது போகட்டும். சோதனை ஓடும் அந்த விநாடிகளில் இணைப்பு முழுவதும் நிரம்பி, மனைவியின் அழைப்பை நானே இரண்டு முறை உடைத்திருந்தேன். பிறகு நாளைக்கு நான்கு முறை மட்டும், அவர் வேலை இல்லாத நேரமாகப் பார்த்து வைத்தோம்.

எந்த சர்வருக்குச் சோதிப்பது என்பதும் முடிவைப் பாதிக்கும். ஸ்பீட்டெஸ்ட் தானாகத் தேர்ந்தெடுப்பது அருகிலுள்ள சர்வர். பல ஊர்களில் அது இணைய நிறுவனமே வைத்திருக்கும் சர்வராக இருக்கும். அங்கே நல்ல எண் வந்தால் நிறுவனத்தின் எல்லைக்குள் எல்லாம் சரி என்று மட்டுமே அர்த்தம். ஃபாஸ்ட்.காம் நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் தொடங்கியது. தன் வீடியோ சர்வர்களுக்கே சோதிக்கிறது. அதில் கூடுதல் விவரத்தைத் திறந்தால் சும்மா இருக்கும்போது தாமதம் எவ்வளவு, சுமை இருக்கும்போது எவ்வளவு என்று இரண்டு எண் வரும். அந்த இரண்டாவது எண்ணைப் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை.

## கண்டது

வார முடிவில் வரைபடத்தைப் பார்த்தோம். ரூட்டர் எந்த நேரமும் 1 மில்லிவிநாடிக்குள். நிறுவனத்தின் முதல் கருவி சாதாரண நேரத்தில் 9 முதல் 11. ஆனால் நாளில் பல இடங்களில் அது சட்டென்று 500, 700, ஒருமுறை 900-ஐத் தொட்டிருந்தது. ஒவ்வொரு மேடும் பத்து நிமிடம், இருபது நிமிடம் நின்று, பிறகு கத்தி வைத்து வெட்டியதுபோல் கீழே இறங்கியது.

பகல் மேடுகளுக்கு விடை சீக்கிரமே கிடைத்தது. கணவர் கோப்பு ஏற்றிய நேரங்களோடு அவை அப்படியே பொருந்தின. மாலை மேடுகளின்போது அவர் எதுவும் ஏற்றவில்லை. ரூட்டரின் பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தோம். எல்லோரும் வீடு திரும்பி போனைச் சார்ஜில் போடுகிறார்கள். சார்ஜில் இருக்கும்போதும் வைஃபையில் இருக்கும்போதும் மட்டும் படங்களை ஏற்றும்படி அமைத்திருந்த காப்புச் செயலிகள் அப்போது விழித்துக்கொள்கின்றன. நான்கு போன், ஒரு டேப்லெட். எல்லாம் சேர்ந்து பத்து எம்பிபிஎஸ் அப்லோடை நிரப்பிவிடுகின்றன.

அப்லோடு நிரம்பினால் ஏன் எல்லாமே தாமதிக்க வேண்டும்? வீட்டை வெளி வயரோடு இணைக்கும் மோடத்துக்குள் ஒரு வரிசை இருக்கிறது. வெளியே போக வேண்டிய தரவு சிறு சிறு பொட்டலங்களாக அதில் காத்திருக்கும். நினைவகம் மலிவாகிவிட்டதால் அந்த வரிசையைப் பெரிதாகவே வைத்துவிடுகிறார்கள். அப்லோடு நிரம்பிய பிறகும் எதையும் கைவிடாமல் சேர்த்துக்கொண்டே போகும். குரல் பொட்டலம் சின்னதுதான், ஆனால் நூற்றுக்கணக்கான படப் பொட்டலங்களுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் இதை ஆராய்ந்து பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்துப் பதினைந்து வருடம் போல ஆகிறது. குரல் உரையாடலுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. இங்கே வீட்டு வாசலைத் தாண்டவே 700 ஆகிக்கொண்டிருந்தது.

இதே நேரத்தில் டவுன்லோடு 150-க்கு மேல் காட்டியது. 500 பிளானின் விவரத்தை வாங்கிப் பார்த்தோம்: அப்லோடு 20. வரிசை அதே வரிசை, நிரம்புவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் வரைபடத்தில் இன்னொன்றும் இருந்தது. இரவு எட்டேகாலில் இருந்து பத்தேமுக்கால் வரை, மேடுகள் இல்லாத இடங்களிலும் அடித்தளமே உயர்ந்திருந்தது: 35 முதல் 60 மில்லிவிநாடி, நூறு பிங்கில் ஒன்றிரண்டு தொலைந்தன. இது வீட்டுக்குள்ளிருந்து வருகிறதா என்று தெரிய ஒரு வழிதான். ஒரு புதன்கிழமை இரவு 8:40 முதல் 9:20 வரை அந்தக் கையடக்கக் கணினியைத் தவிர எல்லாவற்றையும் துண்டித்தோம். டிவியும்தான், தாயாருக்கு அதில் வருத்தம். நாற்பது நிமிடமும் எண் இறங்கவில்லை. மோடத்தின் சிக்னல் பக்கத்தில் அளவுகள் சரியாக இருந்தன, ஆகவே வீட்டு வயரிலும் கோளாறு இல்லை. கேபிள் இணைப்பில் ஒரு பகுதியின் பல வீடுகள் கோஆக்ஸ் என்ற ஒரே கேபிள் டிவி வயரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்லோடுக்கு ஒதுக்கிய அலைவரிசையும் ஒடுங்கியது. பழைய அமைப்புகளில் 5 முதல் 42 அல்லது 65 மெகாஹெர்ட்ஸ் வரைதான், டவுன்லோடுக்கோ பல நூறு மெகாஹெர்ட்ஸ். இரவில் அக்கம்பக்கம் எல்லாம் ஒரே நேரத்தில் நெட்டுக்கு வருகிறார்கள்.

ஆக ஒரு குறைக்குள் இரண்டு குறைகள். ஒன்று வீட்டுக்குள் தீர்க்கக்கூடியது, மற்றது தீர்க்க முடியாதது.

## முதல் முடிவு: இருக்கிற இணைப்பைச் சரிசெய்தல்

நிறுவனத்தை மாற்றும் யோசனையை இரண்டு வாரம் தள்ளிவைக்கச் சொன்னேன். வரிசைக் கோளாறைத் தீர்க்காமல் மாறினால், புதிய இணைப்பிலும் அது கூடவே வந்து, எது எதனால் என்று மறுபடி குழம்பும்.

நிறுவனம் கொடுத்த பெட்டியை வெறும் மோடமாக இயங்கும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றி, வரிசையை நிர்வகிக்கத் தெரிந்த ரூட்டர் ஒன்றைப் பின்னால் வைத்தோம். அமைப்புப் பக்கத்தில் இதை எஸ்.கியூ.எம். என்று போட்டிருப்பார்கள். அப்லோடை 9.5, டவுன்லோடை 180 என்று வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்து அமைத்தோம். இப்படிச் செய்தால் நெரிசல் மோடத்தின் முட்டாள் வரிசையில் சேராமல் நம் ரூட்டரில் சேரும். அது ஒவ்வொரு தரவு ஓட்டத்தையும் தனித்தனி வரிசையாக்கி முறை வைத்து அனுப்பும். குரல் பொட்டலம் படங்களுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. மொத்த வேகத்தில் பத்து சதவீதம் போலத் தியாகம் செய்து தாமதத்தைக் குறைக்கும் வியாபாரம் இது. 200-க்குக் கட்டணம் கட்டிவிட்டு 180 என்று தன் கையாலேயே அமைப்பதற்குக் கணவர் கொஞ்சம் யோசித்தார்.

மேடுகள் 700-இலிருந்து 25, 30-க்கு இறங்கின. பகல் அழைப்புகள் அன்றோடு சரியாயின. இரவு பாதிதான் சரியானது. அக்கம்பக்க நெரிசலில் கொள்ளளவே குறையும்போது, நாம் வைத்த நிலையான எல்லை அதற்கு மேலே நின்றுவிடுகிறது. மறுபடி மோடத்தில் வரிசை சேர்கிறது.

இதற்கிடையில் வைஃபையையும் பார்த்தோம். ரூட்டர் வாசல் அருகே முகம் பார்க்கும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் இருந்தது. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம். அலையைத் தடுக்க அது போதும். வெளியே எடுத்து, பழுது பார்த்த சுவர் கேபிளில் வைஃபை தரும் இன்னொரு பெட்டியை, அதாவது அணுகுபுள்ளியை, படுக்கையறைப் பக்கம் வைத்து, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைத்தோம். 31 காட்டிய இடத்தில் 140. நீண்டநாள் புகாரான இதற்கு ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. இரவுக் குறைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதால் இதைப் பற்றி மேலே எழுத எதுவுமில்லை.

நிறுவனத்திடம் வரைபடத்தோடு புகார் கொடுத்தோம். ஊழியர் காலை பதினொன்றுக்கு வந்தார், சோதித்தார், 212 வந்தது, புகார் முடிக்கப்பட்டது. இரவு ஒன்பதுக்கு வரச் சொன்னோம். அந்த நேரத்தில் ஆள் இல்லை என்றார்கள். இரண்டாவது புகாரும் அதே போல முடிந்தது. வந்தவர் மேல் குறை இல்லை. அவர் வந்த நேரத்தில் உண்மையிலேயே எல்லாம் சரியாக இருந்தது.

## மாற்று இணைப்புகளை ஒப்பிட்டது

கட்டடத்துக்குள் கிடைக்கக்கூடியவை மூன்று: இன்னொரு நிறுவனத்தின் ஃபைபர், இரண்டாவதாக ஃபைபர் என்று விளம்பரம் செய்த ஒன்று, மூன்றாவது 5ஜி வழியாக வரும் வீட்டு இணையம்.

விளம்பர எண்களை ஒதுக்கிவைத்தோம். அதே கட்டடத்தில் அந்தந்த இணைப்பு வைத்திருப்பவர்களைக் கண்டுபிடித்து, மூன்று இரவு ஒன்பது மணிக்கு ஒரே சர்வருக்கு, வயரில், சுமையோடும் சுமையில்லாமலும் சோதித்துத் தரக் கேட்டோம். மனைவி லிஃப்டில் பார்த்தவர்களை எல்லாம் கேட்டார். என்னால் முடியாத வேலை அது.

5ஜி பகலில் 320 காட்டி அசத்தியது. இரவு ஒன்பதுக்கு 40, 70, 55. தாமதம் 25-இலிருந்து 60-க்குள் நிலையில்லாமல் ஆடியது. தவிர, ரூட்டருக்குக் கிடைத்த இணைய முகவரி 100.64-இல் தொடங்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்க 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதி அது. வெளியிலிருந்து தன் வீட்டுச் சேமிப்பகத்தை நேரடியாகத் திறக்கும் கணவருக்கு அது ஒத்துவராது.

இரண்டாவது ஃபைபர், கட்டடத்தின் அடித்தளம் வரைதான் ஃபைபர். அங்கிருந்து வீடுவரை பழைய தொலைபேசிச் செம்புக் கம்பி. எங்கள் கேள்வி ஒன்றே ஒன்று: வீட்டுக்குள் நுழையும் கம்பி எது? அதற்கு விற்பனையாளர் மூன்று முறை வேறு வேறு பதில் சொன்னார். அந்த இணைப்பு வைத்திருந்த நான்காம் மாடிக்காரர் தன் சாக்கெட்டைக் காட்டியதும் விளங்கிவிட்டது.

முதல் ஃபைபர் வீட்டுக்குள்ளேயே கண்ணாடி இழை. ஜிபான் வகை: ஒரு இழையில் 2.488 கிகாபிட் டவுன்லோடு, 1.244 கிகாபிட் அப்லோடு, அதைப் பொதுவாக 32 அல்லது 64 வீடுகள் வரை பங்கிடுவார்கள். பங்கீடு இங்கேயும் உண்டு, ஆனால் பங்கிடும் பானை பெரிது. ஒன்பதாம் மாடியில் இரவு ஒன்பதுக்கு 4 மில்லிவிநாடி, சுமையோடு 14. அவர்கள் பிளான் 100 டவுன்லோடு, 100 அப்லோடு.

## இரண்டாவது முடிவும் காரணமும்

100/100 பிளானையே தேர்ந்தெடுத்தோம். 200-இலிருந்து 100-க்கு இறங்குவதா என்று கணவர் இரண்டு நாள் பிடிவாதமாக இருந்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன். 4கே ஸ்ட்ரீமிங்குக்கு 15 முதல் 25 எம்பிபிஎஸ், உயர்தர வீடியோ அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 4, கேம் ஆட 1 கூட வேண்டாம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் டவுன்லோடில் பாதிக்கு மேல் மிச்சம். அவருடைய வழக்கமான 20 கிகாபைட் கோப்பு 10 எம்பிபிஎஸ்ஸில் ஏற நாலரை மணி நேரம் போல ஆகும். 100-இல் அரை மணிக்குள் முடிந்துவிடும். அந்த எண்ணைக் கேட்டதும் பேச்சு முடிந்தது. மகன் மட்டும் கேம் டவுன்லோடு மெதுவாகும் என்று முணுமுணுத்தான். அவன் சொன்னதும் சரிதான்.

ஒரு நிபந்தனை வைத்தேன்: பழைய இணைப்பை ஒரு மாதம் துண்டிக்கக் கூடாது. இரட்டைச் செலவுதான். ஆனால் மனைவியின் வேலையில் ஒரு நாள் நெட் இல்லாமல் போவதன் இழப்பு அதைவிட அதிகம்.

## பின்பு நடந்தது

அந்த நிபந்தனை முதல் வாரத்திலேயே உதவியது. புதிய இணைப்பு நாளுக்கு இரண்டு முறை முழுதாக அறுந்தது. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளி அளவைப் பார்த்தால் கழித்தல் 26.8 டிபிஎம் (ஒளியின் வலுவைச் சொல்லும் அலகு). இந்த வகைக் கருவிகள் ஏறக்குறைய கழித்தல் 27 வரைதான் ஒளியைப் படிக்கும், விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. வந்த ஊழியரிடம் அந்த எண்ணைச் சொன்னதும் வேலை எளிதானது. அலமாரிக்குப் பின்னால் இழை கூர்மையாக மடங்கிக் கிடந்தது. விடுவித்து, முனையையும் மாற்றினார். கழித்தல் 19.8. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒளி இரட்டிப்பாகும். 7 டெசிபல் என்றால் ஐந்து மடங்கு ஒளி. அதன் பிறகு அறுபடவில்லை.

எஸ்.கியூ.எம். அமைப்பைப் புதிய இணைப்பிலும் விட்டுவைத்தோம், இரண்டு பக்கமும் 95 என்று. மாதக் கடைசியில் மனைவியின் பதிவேட்டில் இரவு அழைப்புகள் இருபத்திமூன்று, முறிந்தது ஒன்று. அந்த ஒன்றில் எங்கள் பக்க வரைபடம் நேர்க்கோடாக இருந்தது. மறுமுனையில் இருந்தவர் ரயிலில் போய்க்கொண்டிருந்தாராம்.

ஒரு வாடிக்கையாளரின் அழைப்பில் மட்டும் லேசான இடைவெளி இருந்துகொண்டே இருக்கிறது. அவர் வேறு கண்டத்தில் இருக்கிறார். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிவிநாடிக்கு 200 கிலோமீட்டர் போல ஓடும்; 10,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப, வழி நேராகவே இருந்தாலும், 100 மில்லிவிநாடி. அதை எந்தப் பிளானும் குறைக்காது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவர் இப்போது அந்த வாடிக்கையாளரிடம் மட்டும் ஒரு நொடி பொறுத்துப் பேசுகிறார்.

## மறுபடி செய்வதானால்

அடாப்டரை முதலில் சோதித்துவிட்டுப் போவேன். முதல் நாளிலேயே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நான் சொன்னதை நம்பிக் கணவர் அன்றே நிறுவனத்துக்குக் கோபமாக ஒரு மடல் எழுதியிருந்தார், பிறகு உண்மையான புகாரைக் கொண்டுபோனபோது அது எங்களுக்கு எதிராகவே நின்றது.

சுமையோடு தாமதம் எவ்வளவு என்ற சோதனை ஒரு நிமிட வேலை. அதை ஒரு வாரம் கழித்துச் செய்ததற்கு நியாயம் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தின் அப்லோடு எண்ணையும் போட்டோ காப்பு நேரத்தையும் முதல் அரை மணியிலேயே கேட்டிருக்கலாம். "எப்போது உடைகிறது" என்று கேட்டேன், "அப்போது வீட்டில் வேறு என்ன நடக்கிறது" என்று கேட்கவில்லை.

இரண்டு வாரம் பழைய இணைப்பைச் சரிசெய்யச் செலவிட்டது வீண் என்று கணவர் இன்னும் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் புதிய இணைப்புக்கு விண்ணப்பித்துக்கொண்டே அதைச் செய்திருக்கலாம். நிறுவ ஆள் வரவே ஒன்பது நாள் ஆனது.

கையடக்கக் கணினி இன்னும் அங்கேயே ஓடுகிறது. ஃபைபரில் அதே இழையில் இன்னும் எத்தனை வீடுகள் சேரும் என்பது எங்கள் கையில் இல்லை. ஆறு மாதம் ஆகிறது. இரவு ஒன்பது மணி எண் 4-இலிருந்து 6-க்குள் நிற்கிறது, மாதத்தில் முதல் ஞாயிறு கணவர் அதன் படத்தை எனக்கு அனுப்புகிறார்.